டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: சார்ஜ் ஏறாவிட்டால் வயரிங்கை எப்படிச் சோதிப்பது?

பழைய இன்ஜினிலிருந்து டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியாயிற்று. பிராக்கெட் பொருந்திவிட்டது, பெல்ட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் சார்ஜ் மட்டும் ஏறவில்லை. உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றி மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிதாக மாற்றிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரிங்கைத்தான். அதிலும் குறிப்பாக டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் லைட்டுக்குப் போகும் மெல்லிய வயரை.

ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லைட், ஸ்பேனர் செட் இருந்தால் போதும். ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில், அதாவது பி பிளஸ் முனையில், சாவி அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும். அங்கே ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள்.

1. எர்த் எந்தப் பக்கம்?

பழைய பிரிட்டிஷ் கார்கள், டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களில் அநேகமாக எல்லாமே மைனஸ் எர்த். அப்படியே இணைத்தால் அந்த நொடியிலேயே அதன் டயோடுகள் (கரண்டை ஒரே திசையில் விடும் பாகங்கள்) போய்விடும். அதனால் பேட்டரியைத் திருப்பிப் போட்டு மைனஸை எர்த் செய்யுங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய வயர்களையும், அம்மீட்டரின் வயர்களையும் இடம் மாற்றுங்கள். ரேடியோ போன்ற எலக்ட்ரானிக் சாமான்கள் இருந்தால் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். செல்ஃப் மோட்டாரில் கை வைக்க வேண்டாம். ஃபீல்டு காயில் உள்ள அந்தக் காலத்து மோட்டார் எப்படி இணைத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும்.

2. பழைய கட்-அவுட் பெட்டி

வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய பெட்டிக்கு இனி வேலையில்லை. ஏ, ஏ1, டி, எஃப், இ என்று எழுத்து போட்ட லூக்காஸ் பெட்டியாக இருந்தால், ஏ, ஏ1 வயர்களை ஒன்றாகச் சேருங்கள். டி முனையில் டைனமோவிலிருந்து வரும் தடித்த வயரோடு சார்ஜிங் லைட்டின் வயரும் இருக்கும். லைட் வயரை மட்டும் பிரித்து, பழைய எஃப் வயரோடு இணைத்தால் அது ஆல்டர்னேட்டர் வரை போய்விடும்.

பழைய தடித்த வயரையே பி பிளஸ்ஸுக்குப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த வயர் 20 ஆம்பியர் சுமாருக்கு இருந்த டைனமோவுக்காகப் போட்டது. 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 10 சதுர மி.மீ. வயரைப் புதிதாக, செல்ஃப் சாலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சின்) பேட்டரி பக்கத்து முனைக்கு நேராக இழுத்துவிடுங்கள். இப்படிச் செய்தபின் அம்மீட்டர் எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே சாயும். அது கோளாறு இல்லை, சார்ஜ் கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை, அவ்வளவுதான். ஒரு வோல்ட்மீட்டர் போட்டுக்கொள்வது நல்லது.

3. சார்ஜிங் லைட்

டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமே அதற்குத் தொடங்கப் போதும். ஆல்டர்னேட்டரின் ரோட்டாரில், அதாவது உள்ளே சுற்றும் பாகத்தில், அந்த அளவு காந்தம் தங்காது. இக்னிஷன் சாவி, லைட், அப்புறம் டி பிளஸ் அல்லது எல் என்று போட்ட முனை: இந்த வழியாக வரும் சின்னக் கரண்ட்தான் ரோட்டாரைக் காந்தமாக்குகிறது. பல்ப் ஃபியூஸ் ஆகியிருந்தால் லைட் எரியாது என்பதோடு நிற்காது, சார்ஜும் ஏறாமல் போகலாம்.

சரி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். லைட் பளிச்சென்று எரிய வேண்டும்.

எரியவில்லை என்றால் எல் வயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் பிளாக்கில் தொடுங்கள். (லைட் இல்லாமல் வயர் மட்டும் நேராக வந்தால் இதைச் செய்யாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.) இப்போது எரிந்தால் வயரும் பல்பும் சரி. கோளாறு ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷில் இருக்கலாம், அல்லது பெயின்ட் அடித்த பிராக்கெட்டால் அதற்கு எர்த் கிடைக்காமல் இருக்கலாம். பின்னது சர்வ சாதாரணம். போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். தொட்டும் எரியாவிட்டால் பல்ப், ஃபியூஸ், வயர் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

லைட் எரியும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியைப் புல்லி நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். லேசாக இழுத்தால் ரோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம்.

பல்ப் 2.2 வாட் இருக்கட்டும். எல்இடி போட்டிருந்தால் கரண்ட் போதாது. அதற்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இன்ஜினை ஒருமுறை முறுக்கிய பிறகுதான் சார்ஜ் தொடங்குகிறது என்றாலும் முதலில் இந்த பல்பைப் பாருங்கள்.

4. ஓடும்போது மீட்டர்

நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டில் இல்லை, உடனே நிறுத்திவிடுங்கள்.

13 வோல்ட்டைத் தாண்டவே மாட்டேன் என்றால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பி பிளஸ் போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர் மெல்லியது அல்லது வயர் நுனியில் உள்ள லக் லூஸ். அடுத்து ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே பாருங்கள். 0.2-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் டைனமோ காலத்துப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. வோல்டேஜ் சட்டென்று எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும்.

5. விநோதமான சில கோளாறுகள்

சாவியை அணைத்தும் பெட்ரோல் இன்ஜின் நிற்கவில்லையா? எல் முனையிலிருந்து கரண்ட் திரும்பி வந்து காயிலுக்கு ஊட்டுகிறது. லைட் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தால் இப்படி ஆகும். லைட் இருந்தும் நிற்காவிட்டால் அந்த வயரில் 3 ஆம்பியர் டயோடு ஒன்றைப் போடுங்கள், வெள்ளிக் கோடு உள்ள முனை ஆல்டர்னேட்டர் பக்கம்.

ஓடும்போது லைட் மங்கலாக எரிகிறதா? லைட்டின் ஒரு பக்கம் சாவி வழியாக வரும் வோல்டேஜ், மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ். இரண்டும் சமமானால்தான் அணையும். பழைய இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்து வோல்டேஜைத் தின்றாலும் இது நடக்கும், டயோடு ஒன்று போயிருந்தாலும் நடக்கும்.

ராத்திரி நின்ற வண்டியில் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், மறுநாள் நிறுத்தும்போது பி பிளஸ் வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றி வையுங்கள். பேட்டரி இறங்காமல் இருந்தால் டயோடு கசிகிறது. இப்போது ஆல்டர்னேட்டரைத் தாராளமாக மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம்.