போலீஸ் மீது புகார் கொடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்டேஷனில் அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள் என்று எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள் பலர். தமிழ்நாட்டில் போலீஸ்காரர் மீது போலீஸ் துறையே நடத்தும் துறை விசாரணை முழுக்கக் காகிதத்தையும் சாட்சியையும் வைத்து நடப்பது. அது இரண்டும் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும்.

முதல் சறுக்கல் ஆஸ்பத்திரியில். அரசு மருத்துவமனையில் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். வாசலில் போலீஸ் நிற்கிறதே என்ற பயத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அதில் ஒருமுறை ஏறிய வரியை வைத்தே பிற்பாடு உங்கள் மொத்தப் புகாரையும் உடைத்துவிடுவார்கள். யார், எந்த ஸ்டேஷனில், எதை வைத்து அடித்தார்கள் என்று அன்றைக்கே சொல்லி, நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்டேஷன் சிசிடிவி. பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது சேமிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது, சரி. ஆனால் அதே வருடம் தந்தையும் மகனும் காவலில் இறந்த வழக்கில், சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கை கொடுத்தார். அதனால் ஆற அமரக் கேட்கலாம் என்று இருக்காமல், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே எஸ்.பி.க்கு, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

லஞ்சம் கேட்டால் இந்தப் பாதையே வேண்டாம், பணத்தைக் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டீர்களா? 7 நாளுக்குள் புகார் செய்யாவிட்டால் கொடுத்தவர் மீதும் வழக்கு வரலாம், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் அப்படி.

இனி எல்லோரும் ஏமாறும் இடம். "ஆயுதப்படைக்கு மாற்றிட்டாங்க, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்று செய்தி வந்ததும் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். இரண்டுமே தண்டனை இல்லை. சஸ்பெண்டில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் வந்துகொண்டுதான் இருக்கும். கான்ஸ்டபிள் முதல் இன்ஸ்பெக்டர் வரைக்குமான தமிழ்நாடு போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், சின்னத் தண்டனை என்றால் விதி 3-ஏ, பதவி இறக்கம், டிஸ்மிஸ் வரை போக வேண்டுமென்றால் விதி 3-பியில் குற்றக் குறிப்பாணை, அதாவது சார்ஜ் மெமோ. எந்த விதியில் மெமோ கொடுத்தார்கள் என்று கேளுங்கள், மற்றதெல்லாம் செய்திக்குத்தான்.

3-பியில் வாய்மொழி விசாரணை நடக்கும். அங்கே நீங்கள்தான் முக்கிய சாட்சி. அந்தப் போலீஸ்காரரே உங்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம், கூச்சமாகத்தான் இருக்கும். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள், தெரிந்த ஏட்டு என்று யாராவது சமாதானம் பேச வருவார்கள். அதை நம்பி விசாரணைக்குப் போகாமல் விட்டால் "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். இத்தனைக்கும் கிரிமினல் கோர்ட்டைப் போல இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். வாக்குமூலத்தை எழுதியதும் வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நீங்கள் சொல்லாதது இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. துறை விசாரணை முடியட்டும் என்று மனித உரிமை ஆணையத்துக்குப் போகாமல் காத்திருக்காதீர்கள். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது.