துருப்பிடித்து இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறை

ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழையின் ஈரம் வந்திறங்கும் செங்கோட்டை, புளியரைப் பகுதிகளில், காரின் அடிப்பாகத்துப் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடுவது வழக்கம். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகளுக்கு இடையிலான சிறு இடைவெளியும் இல்லாமல் போகிறது. அந்நிலையில் வெறும் பலத்தால் திருகினால் தலைதான் ஒடியும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் தாங்க வைக்கவும். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து, ஓர் இரவு ஊறவிடவும். அவசரக்காரர்களே பெரும்பாலும் போல்ட்டை உடைக்கிறார்கள். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் படக்கூடாது.

மறுநாள், போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டுகள் தட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை (தலையைக் கவ்வித் திருகும் குழல் ஸ்பானரை) பொருத்தவும். 12 முனை சாக்கெட் தலையின் மூலைகளை எளிதில் மழுக்கிவிடும். நீண்ட கைப்பிடியால் முதலில் இறுக்கும் திசையில் சற்றே அழுத்தி, பிறகு தளர்த்தும் திசையில் இழுத்து, மாறி மாறி அசைத்தால், துருவின் பிடி விடும்போது ‘டிக்’ என்ற ஒலியுடன் சிறு நகர்வு கையில் தெரியும். உடனே முழுவதும் சுழற்றாமல், கால் சுற்று முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டு விட்டுத் திருக வேண்டும்.

அப்போதும் அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சூடாக்கினால், அது விரிந்து பிடி தளரும். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் ஆகியவற்றுக்கு அருகில் நெருப்பு கூடவே கூடாது. அங்கே கைரம்பத்தால் நட்டை அறுப்பதே மேல். புதிய போல்ட் வாங்கும்போது, பழையதன் தலையில் பொறித்துள்ள 8.8 அல்லது 10.9 போன்ற தர எண் உள்ளதையே கேட்டு வாங்கவும்.