உப்புத் தண்ணீர் வீடு: கீசர், குழாய், ஷவர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் குழாயின் பளபளப்பையும் விலையையும் உத்தரவாத அட்டையையும் பார்க்கிறோம். அது எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்று யோசிப்பவர் குறைவு. காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் பத்து வருடம் உழைக்கும் கீசர், 400 அடி போர் தண்ணீரில் மூன்றே வருடத்தில் ஒழுகும். கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்த கம்பெனிக்கு மாறினால் அதுவும் மூன்று வருடம்தான்.

ஆகவே முதல் தவறு, தண்ணீரைச் சோதிக்காமல் பொருள் வாங்குவது. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறுதான். கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்றுதான் அது தோராயமாகச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் முக்கியம்: கடினத்தன்மை, குளோரைடு. கடினத்தன்மை அதிகமென்றால் வெள்ளைப் படிமம் கட்டும், குளோரைடு அதிகமென்றால் உலோகம் அரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-இல் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. குளோரைடுக்கு 250, வேறு வழியில்லாதபோது 1000. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். புது வீடு கட்டுகிறவர்கள் குழாய்க் கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனை முடிவுத் தாளைக் கையில் வாங்கிவிடுவது நல்லது.

கீசர்

அதிகம் பணம் வீணாவது இங்கேதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் என்றால் துருவே பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். குளோரைடு அதிகமுள்ள வெந்நீரில் ஸ்டீல் டேங்கின் வெல்டிங் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். அப்படிப்பட்ட தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சு பூசிய டேங்க் மேல். ஆனால் அந்தப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அவற்றைக் காப்பாற்றத்தான் டேங்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாக அது கரையும். கம்பி முழுதாகக் கரைந்துவிட்டால் அடுத்து அரிக்கப்படுவது டேங்க்.

வாங்கும்போது இந்தக் கம்பியைப் பற்றிக் கேட்பவர்களே அபூர்வம். சர்வீஸுக்கு வருகிறவர் பழைய கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியது மாட்டாமலே மூடிவிட்டுப் போவதும் நடக்கிறது. உப்புத் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி வெளியே தெரிந்தாலோ, தடிமன் பாதிக்கும் கீழே இளைத்திருந்தாலோ மாற்ற வேண்டும். டேங்க் விலையோடு பார்த்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு. 70, 75 என்று முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது பல வீட்டில் பழக்கம். 60 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு படிவது வேகமெடுக்கும். சுமார் 55-இல் வைத்தாலே குளிக்கப் போதும். படிமம் கட்டினால் கரண்ட் பில் எகிறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் பெரிய உண்மை இல்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஹீட்டர் காயிலின் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். ஆனால் மேலே ஓடு கட்டியதால் காயில் தன் அளவுக்கு மேல் சூடேறி ஒருநாள் வெடித்துப் போகும். கீசருக்குள்ளிருந்து பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டால் படிமம் தடித்துவிட்டது, சர்வீஸுக்குச் சொல்லுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58-க்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். அதைவிடச் சீக்கிரமே சூடாகி, முன்பை விடக் குறைவான வெந்நீரே வந்தால், அடியில் கசடு சேர்ந்து இடத்தை அடைத்திருக்கலாம்.

கீசருக்குக் கீழே குளிர்நீர் வரும் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது நாலு சொட்டு விழும். சூடான தண்ணீர் விரிகிறது, கூடுதல் அழுத்தம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். பாத்ரூம் நனைகிறதே என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் அணைக்காமல் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடிக்கும். ஒரு சின்னக் குழாயை மாட்டி வடிகாலுக்கு விடுங்கள், மாதம் ஒருமுறை வால்வின் நெம்புகோலைத் தூக்கி விடுங்கள். உப்பு கட்டி இறுகிப்போன வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம். சூடாகாத நேரத்திலும் விடாமல் ஒழுகினால் வால்வுக்குள் கசடு சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே வரும் அழுத்தம் அதிகம். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம், அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்தால் நிற்கும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3000 வாட் இன்ஸ்டன்ட் என்றால் 13. ஆறு ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் தேவை, போர்டு தூரமென்றால் 4. எர்த்தும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில் கீசர் மாட்டவே கூடாது.

குழாய்களும் ஷவரும்

குழாயை வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை உடல் கனக்கும், துத்தநாகக் கலவை இலேசாக இருக்கும். கைப்பிடி துத்தநாகமாக இருந்தால் பரவாயில்லை, தண்ணீர் படும் உடல் பித்தளையாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் இடம், மொட்டை மாடி, தோட்டம் போன்ற இடங்களுக்கு உப்புத் தண்ணீர் வீட்டில் பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாயே போதும், அது அரிக்காது. பார்வைக்கு எளிமைதான்.

கால் சுற்றில் திறக்கும் குழாய்க்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கீறல், கீறல் விழுந்தால் சொட்டு. புது வீட்டில் குடிபோன ஒரே மாதத்தில் குழாய்கள் சொட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: லைனில் கிடந்த சிமெண்ட் தூளையும் பைப் வெட்டிய சீவலையும் வெளியேற்றாமலே குழாயை மாட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முனையையும் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிட்ட பிறகு மாட்டச் சொல்லுங்கள். சொட்ட ஆரம்பித்தால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிள் காக் எனும் சிறு அடைப்பு வால்வையோ மெயின் வால்வையோ அடைத்துவிட்டு, அந்தச் செராமிக் தட்டுகள் உள்ள ஸ்பிண்டிலைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். பல் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் கைப்பிடி உட்காராது.

தண்ணீர் மெலிதாக வந்தால் முதலில் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி, வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேயுங்கள். பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். அதன் ஆவியே குரோம் பூச்சைக் கருக்கும், ஸ்டீல் பாகங்களில் துருப்புள்ளி விழும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

ஷவரில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கடையில் பம்ப் வைத்து ஓட்டிக் காட்டும் எட்டு அங்குல மழை ஷவரை வாங்கி வந்து மேல்மாடி பாத்ரூமில் மாட்டுகிறார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. டேங்கின் தண்ணீர் மட்டம் ஷவர் தலைக்கு மேலே இரண்டு மீட்டர்தான் என்றால் 0.2 பார். பெரிய ஷவர்களுக்கும், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் பல டைவர்ட்டர்களுக்கும் 0.5 முதல் 1 பார் வரை வேண்டும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மேல்மாடிக்குச் சின்ன ஷவர், முக்கால் அங்குல லைன், குறைந்த வளைவுகள் போதும். பிடிவாதமாகப் பெரியதுதான் வேண்டுமென்றால் பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்டீல் சிங்க், டவல் ராடு வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை, எனவே தரமான 304 ரக ஸ்டீல் என்பார்கள். 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாங்கனீஸைக் காட்டும் சொட்டுத் திரவம் ஸ்டீல் வியாபாரிகளிடம் இருக்கும், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சுவருக்குள் போவது

வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப், குளிர்நீருக்கு மட்டும் யுபிவிசி. மீதமிருந்த யுபிவிசி துண்டைக் கீசர் வெளிவாயிலில் செருகினால் சில மாதத்தில் இளகி வளையும். இரண்டுக்கும் ஒட்டும் சொல்யூஷனும் வேறு. குழாய் மாட்டும் முனையில் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்தான் போட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டுக் கட்டாகச் சுற்றி ஸ்பேனரால் இறுக்கினால் மரை விரிந்து வெடிக்கும், அதுவும் டைல்ஸ் ஒட்டிய பிறகு. டேப்பை மரை ஏறும் திசையில் இழுத்துச் சுற்றி, கையால் முழுசாக இறுக்கியபின் ஸ்பேனரில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். சுவரைப் பூசும் முன் எல்லா முனையையும் அடைத்து, அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஏற்கெனவே சுவர் பொரிந்து உப்புப் பூத்த வீட்டில், சுரண்டிப் புட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. கசிவு எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரவில் மோட்டார் போடாமல், டேங்க் மட்டத்தைக் குறித்து வைத்து, எல்லாக் குழாயையும் அடைத்துவிடுங்கள். ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கையும் மறக்காதீர்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அழுத்த லைனில் கசிவு, அதை வெட்டித்தான் தேட வேண்டும். இறங்கவில்லையென்றால் வடிகாலிலோ தரையிலோ. பாத்ரூம் வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் பரவினால் டைல்ஸ் இடுக்கும் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் போயிருக்கிறது. பரவாமல், துணியை எடுத்துத் தண்ணீரை விட்டபின் மட்டும் ஈரம் ஏறினால் தரை வடிகாலில் பதித்த நஹானி டிராப்பிலோ அதற்குக் கீழே உள்ள இணைப்பிலோ பழுது. அந்த இடத்தை மட்டும் உடைத்தால் போதும்.