சீல்டு பேட்டரி ஒரே வருஷத்தில் போய்விடுகிறதா? சோலார் சார்ஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாமல் போனபிறகு, கூரைமேல் ஒரு சோலார் பேனல், வீட்டு மூலையில் ஒரு சீல்டு பேட்டரி, நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன கன்ட்ரோலர் என்பது பெகுவிலும் மோல்மேனிலும்கூட நம் ஆட்கள் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் மூன்று நான்கு வருஷம் உழைக்க வேண்டிய பேட்டரி ஒரே வருஷத்தில் வீங்கிவிடுகிறது, இல்லையென்றால் லைட்டைப் போட்ட அரைமணி நேரத்தில் படுத்துவிடுகிறது. போலிச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். போலிச் சரக்கும் உண்டுதான். இருந்தாலும் பல வீடுகளில் பேட்டரி சாவதற்குக் காரணம் அதைச் சார்ஜ் செய்யும் விதம்.

நமக்குப் பழக்கமானது தண்ணீர் ஊற்றும் பேட்டரி. கிராமங்களில் அதைச் சார்ஜ் கடைக்குத் தூக்கிப்போய், ஏற்றி, திரும்ப வாங்கி வந்து ஓட்டிய காலம் இருந்தது. அது கொதிக்கக் கொதிக்கச் சார்ஜ் ஏறினாலும், குறைந்த தண்ணீரை ஊற்றினால் சமாளித்துக்கொள்ளும். சீல்டு பேட்டரிக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே உண்டாகும் வாயுவை அது திரும்பத் தண்ணீராக்கிக்கொள்ளும், ஆனால் ஓர் அளவு வரைதான். அதற்கு மேல் போனால் அழுத்த வால்வு திறந்து வாயு வெளியேறிவிடும். போன தண்ணீர் போனதுதான், திரும்ப ஊற்ற வழியில்லை.

அதனால் கன்ட்ரோலரில் பேட்டரி வகையைச் சரியாக வைக்காமல் விடுவதை முதல் தவறு என்பேன். எல்லை தாண்டி வரும் மலிவான சீனக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் பி1, பி2, பி3 என்று மூன்று வகை இருக்கும். வழக்கமாக பி1 சீல்டு, பி2 ஜெல் (அமிலம் கூழாக இருக்கும் சீல்டு வகை), பி3 தண்ணீர் பேட்டரி. பெட்டிக்குள் வரும் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 12 வோல்ட் ஏஜிஎம் பேட்டரிக்கு (கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலம் ஊறியிருக்கும் சாதாரண சீல்டு வகை) 25 டிகிரி வெப்பத்தில் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றலாம், நிறைந்தபின் 13.5 முதல் 13.8 வரை பிடித்து வைக்கலாம். ஜெல் என்றால் 14.1, 14.2-க்கு மேல் வேண்டாம். பேட்டரியின் மேலேயே அச்சடித்திருந்தால் அந்த எண்தான் கணக்கு. ஈக்வலைஸ் என்று ஒரு வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகும் அந்த வேலை தண்ணீர் பேட்டரிக்கானது.

அதிகமாக ஏற்றுவதைவிட நம் ஊரில் அதிகம் நடப்பது குறைவாக ஏற்றுவது. இதைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. பேட்டரி இறங்கும்போது தகடுகளில் காரீய சல்ஃபேட் படிகிறது. உடனே முழுதாகச் சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். அரைகுறையாக ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி அரைகுறையாக ஏற்றினால் அந்தப் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று எழுதியிருக்கும் பேட்டரி 40 ஏஎச் கொடுப்பது இப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஏஎச் பேட்டரியை ராத்திரி பாதி இறக்கினால் திரும்ப ஏற்ற, இழப்பையும் சேர்த்து 55 முதல் 60 ஏஎச் வேண்டும். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5.5 ஆம்பியர் அளவுக்குத் தரும். வறண்ட மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்தாலும் 27, 28 ஏஎச்தான். வெயில் காலத்திலேயே போதவில்லை. மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால்? யாங்கோனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, மோல்மேனில் அதைவிட அதிகம். அதில் பெரும்பகுதி அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் பேட்டரி வாரக்கணக்கில் முழுதாக நிறையாமலே கிடக்கும். 100 ஏஎச்சுக்கு 200 வாட்டாவது போடுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி மின்விசிறியைக் குறைத்துக்கொண்டு, கரண்ட் வரும் நேரத்தில் மூன்று கட்டமாக ஏற்றும் நல்ல சார்ஜரால் வாரம் ஒருமுறையாவது முழுதாக நிரப்புங்கள். கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் வேண்டாம். வோல்ட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாத அது சீல்டு பேட்டரியை வறட்டிவிடும்.

கன்ட்ரோலரில் பேட்டரிப் படம் நிறைந்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேனல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வோல்ட் ஏறித்தான் தெரியும். 14.4-ஐத் தொட்டபிறகும் அதே வோல்ட்டில் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்து, உள்ளே போகும் கரண்ட் 100 ஏஎச்சுக்கு ஒன்றிரண்டு ஆம்பியராகக் குறைந்தால்தான் உண்மையில் நிறைந்தது. பேட்டரியின் நிலையை அறிய, ஏற்றாமலும் இறக்காமலும் சில மணி நேரம் விட்டு, விடியுமுன் மீட்டரை வையுங்கள். ஏஜிஎம் பேட்டரியில் 12.8 காட்டினால் முழுசு, 12.1 என்றால் சுமார் பாதி.

இதற்கு நேர் எதிரான தவறு சின்ன பேட்டரிக்குப் பெரிய பேனல். 7 ஏஎச் பேட்டரியின் மேலேயே தொடக்கக் கரண்ட் 2.1 ஆம்பியருக்கு மேல் கூடாது என்று போட்டிருப்பார்கள். அதில் 100 வாட் பேனலைக் கட்டினால் சூடாகி வீங்கும்.

வெப்பம் தனிக்கதை. தண்ணீர்த் திருநாள் வரும் ஏப்ரலில் தகரக் கூரைக்கடியில் 40 டிகிரி சாதாரணம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும், ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். 15 டிகிரி கூடினால் 14.4 என்பது 14.0 பக்கம் வரவேண்டும், 13.6 என்பது 13.2, 13.3-க்கு வரவேண்டும். வெப்பம் அறியும் ஒயர் உள்ள கன்ட்ரோலர் என்றால் அந்த ஒயரின் முனையைப் பேட்டரியின் மேல் ஒட்டுங்கள். இல்லையென்றால் மார்ச்சில் நீங்களே எண்ணைக் குறைத்து, மழை வந்ததும் திரும்ப ஏற்றுங்கள். பேட்டரியை வீட்டின் குளிர்ந்த மூலையில், காற்றோட்டமாக, தரையை ஒட்டி வையுங்கள். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பதால் இடம் மாற்றுவதே பெரிய லாபம். சீல்டு என்பதற்காகக் காற்றுப் புகாத பெட்டியில் அடைப்பது ஆபத்து. வால்வு திறந்தால் வருவது ஹைட்ரஜன்.

அடுத்து இன்வர்ட்டர். அதைப் பேட்டரியில் நேராகக் கட்டுவது சரிதான், கன்ட்ரோலரின் லோடு முனை (லைட்டுகளைக் கட்டும் இடம்) அவ்வளவு கரண்டைத் தாங்காது. ஆனால் அப்படிக் கட்டினால், பேட்டரி இறங்கும்போது கன்ட்ரோலரால் அதை நிறுத்த முடியாது. இன்வர்ட்டர் தானாக நிற்பது பெரும்பாலும் 10.5 வோல்ட்டில். ஒரு லைட், ஒரு விசிறி என்று சிறிய லோடு ஓடும்போது 10.5 வரை போனால் பேட்டரி சுத்தமாகக் காலி. தினமும் அப்படி ஓட்டினால் சில மாதங்கள்தான் தாங்கும். 12 வோல்ட் பக்கம் வந்ததும் நீங்களே அணைத்துவிடுங்கள். லோடு முனையில் ஓடும் லைட்டுகளைக் கன்ட்ரோலர் நிறுத்தும் வோல்ட் 10.7 என்று வந்திருக்கும், அதையும் 11.8-க்கு மேல் ஏற்றுங்கள்.

கன்ட்ரோலரைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டி, மெல்லிய ஒயரைப் பேட்டரி வரை இழுப்பதும் அடிக்கடி காண்பது. ஒயரில் அரை வோல்ட் விழுந்தால் கன்ட்ரோலர் 14.4 என்று நினைக்கும்போது பேட்டரிக்குக் கிடைப்பது 13.9. கன்ட்ரோலர் பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும், நடுவில் தடித்த ஒயர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸ்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

பேனல் வாங்குபவர்கள் இதையும் கவனியுங்கள். பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்கு (பேனலைப் பேட்டரியின் வோல்ட்டிலேயே ஓட்டும் மலிவான வகை) 18 வோல்ட்டில் ஓடும் 36 செல் பேனல்தான் பொருத்தம். வீட்டுக் கூரைக்கான 60 செல் பெரிய பேனல் 30 வோல்ட்டில் ஓடுவது. அதை இதில் கட்டினால் பாதி சக்தி வீண். எம்பிபிடி (பேனலின் அதிக வோல்ட்டைக் கூடுதல் கரண்டாக மாற்றித் தரும் வகை) என்று ஒட்டியிருக்கும் பெட்டி உள்ளங்கை அளவில் லேசாக இருந்தால் நம்பாதீர்கள். உண்மையான எம்பிபிடிக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துக் கட்டாதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். வீங்கிய பேட்டரியை அன்றே கழற்றிவிடுங்கள். உடைத்துக் காரீயம் எடுக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் வேண்டாம். முழுசாகவே பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுங்கள், எடைக்குக் காசு கிடைக்கும்.