கண்டல் வேருக்குப் பின்னால் ஒளிவது எப்படி

எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், வாவிப் பக்கம். போயா நாட்களில் பின்னேரம் விறாந்தையில் பாய் விரித்து, ஐந்து பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதையை நடத்தும் டிஎம் நான்தான். கணக்குக் கொப்பியின் சதுரத் தாள்தான் வரைபடம், ஒரு சதுரத்துக்கு 5 அடி. கோப்ளின் என்ற குட்டி எதிரிப் பூதங்களுக்குப் புளியங்கொட்டை வைப்போம். அந்தப் பாயில் வந்த வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் ஒரே வசனத்தில் தொடங்கியவை: "நான் ஒளிச்சிட்டன்."

டிஎம் ஆக இருப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, இருக்கும் இடமே தெரியாமல் இருப்பது வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒளிப்பு. மந்திரவாதி மாயமாய் மறைந்தாலும், வாவியில் முழங்கால் தண்ணீரில் நடந்தால் அலை எழும், சளசளவென்று சத்தம் கேட்கும். அவர் எந்தச் சதுரத்தில் நிற்கிறார் என்று எதிரிக்குத் தெரியும். அடிப்பதுதான் கஷ்டம். இடமும் தெரியக்கூடாது என்றால் அவரும் தன் முறையில் செய்யக்கூடிய ஒரு செயலாக ஒளியும் ஆக்‌ஷனை எடுத்து ஸ்டெல்த் என்ற பதுங்கும் திறனுக்கு டைஸ் உருட்ட வேண்டும்.

அதனால் யாராவது ஒளிகிறேன் என்றால், டைஸைத் தொட விடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்குப் பின்னால்? உங்களைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடமிருந்து ஒளிய முடியாது. மதில், கண்டல் வேர், கவிழ்த்து வைத்த தோணி, இருட்டு, ஏதாவது ஒன்று வேண்டும். மறைவு இருந்தால்தான் டி20 என்ற இருபது பக்க டைஸ் உருளும். வந்த எண்ணோடு ஸ்டெல்த் கூட்டலை, அதாவது அந்தத் திறனில் பாத்திரத்துக்கு உள்ள எண்ணைச் சேர்த்து, எதிரியின் பாசிவ் பெர்செப்ஷனோடு (தேடாமலே கவனிக்கும் திறன்) ஒப்பிடுங்கள். அது 10 உடன் அவருடைய பெர்செப்ஷன் கூட்டலைச் சேர்த்த எண். எதிரி தன் ஆக்‌ஷனைச் செலவழித்துத் தேடினால் மட்டும் அவரும் உருட்டுவார்.

2014 இல் வந்த விதிப் புத்தகத்துக் கோப்ளினுக்கு அந்த எண் 9. என் மச்சானின் பாத்திரம் ரோக், பதுங்கித் தாக்கும் கள்ளன். முதல் லெவலிலேயே ஸ்டெல்த் 7 கூட்டுவான். அவன் பிடிபட வேண்டுமானால் 1 விழ வேண்டும், அவ்வளவுதான். 2024 விதிகளில் கதை வேறு. எதிரி யாராக இருந்தாலும் மொத்தம் 15 எட்ட வேண்டும், அதனால் அதே மச்சானுக்கு டைஸில் 8 ஆவது விழ வேண்டும். எட்டிய மொத்தத்தைத்தான் தேடுகிறவர் பிறகு எட்ட வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். ஆட்டம் தொடங்க முன்னரே எந்தப் புத்தகம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் பழையதில்தான் இருக்கிறோம், கீழே சொல்வதும் அதன்படிதான்.

வெளிச்சத்தை நான் சரியாக விளங்கிக்கொண்டது 2022 இல், கரண்ட் மணிக்கணக்கில் போன நாட்களில். நடுவில் குப்பி விளக்கு. தங்கச்சி தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போய், திரும்பி வரும்போது முற்றத்து மாமரத்தடியில் சும்மா நின்றிருக்கிறாள். எங்கள் முகம், கையில் இருந்த டைஸ், எல்லாமே அவளுக்குத் தெரிந்தது. எங்களுக்கு அவள் இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து யார் கையில் விளக்கு என்று எழுதி வைக்கிறேன். பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம் தரும், அடுத்த 20 அடிக்கு மங்கல். மங்கலில் கண்ணால் தேடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தரம் உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது), பாசிவ் எண்ணில் 5 குறையும். கோப்ளினுக்கு இருட்டில் 60 அடிவரை கண் தெரியும் என்று பயப்படுவார்கள். அதற்கும் இருட்டு மங்கலாகத்தான் தெரியும், ஆகவே அதன் 9 அங்கே 4 ஆகிவிடும்.

இரும்புச் சங்கிலிக் கவசம் போட்டவர் ஸ்டெல்த்தை டிஸ்அட்வான்டேஜில்தான் உருட்டுவார். முழுக் குழுவும் பதுங்கிப் போகும்போது நான் குழுச் சோதனை வைப்பேன். ஐந்து பேரில் மூன்று பேர் தேறினால் எல்லோரும் தேறியதாகக் கணக்கு.

சண்டைக்கு நடுவில் ஒளிவது ரோக்கின் சொத்து. இரண்டாம் லெவலிலிருந்து, முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே ஒளியலாம். ஒழுங்கு இப்படி: ஒளிந்த இடத்திலிருந்து அட்வான்டேஜோடு (இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) அம்பு விடு, அதனால் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேத டைஸும் சேரும். பட்டாலும் படாவிட்டாலும் இடம் வெளியாகிவிடும். பிறகு 30 அடிக்குள் வேறு மறைவுக்கு நகர்ந்து திரும்ப ஒளி. மச்சான் நகர மாட்டான், ஒரே கண்டல் வேருக்குப் பின்னால் மூன்று சுற்று எட்டிப் பார்த்து அடிப்பான். அதைத் தடுக்கும் விதி புத்தகத்தில் இல்லை, நானும் தடுப்பதில்லை. ஆனால் கோப்ளின் முட்டாள் இல்லையே. மூன்றாவது சுற்றில் இரண்டு கோப்ளின்கள் அந்த வேரைக் குறிவைத்து, தலை தெரிந்ததும் எய்வதற்கு ஆக்‌ஷனைத் தயாராக வைத்திருக்கும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அவனும் இப்போது நகரப் பழகிவிட்டான்.

கோப்ளினும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளியும் என்பதைப் பல டிஎம்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்டெல்த் கூட்டல் 6, சின்ன எண் இல்லை. ஒளிந்த கோப்ளினின் புளியங்கொட்டையை வரைபடத்தில் விடக்கூடாது. நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது நிற்கும் சதுரத்தைத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். அடிக்க நினைப்பவர் ஒரு சதுரத்தை ஊகித்து, டிஸ்அட்வான்டேஜில் உருட்ட வேண்டும். ஊகம் பிழை என்றால் 20 விழுந்தாலும் அடி விழாது. அப்போது "அங்கே ஆளில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். "படவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரின் முறைக்குப் போங்கள்.