தொலைவில் ஓடும் நிரல், பக்கத்தில் இருக்கும் தவறான லைப்ரரி

என் நிரலில் எதையும் வரிசைப்படுத்தும் வேலையே இல்லை. ஆனாலும் அது 'கியூசார்ட்' என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்குள் நிற்பதாக, பிழைதிருத்தும் கருவியான ஜிடிபியின் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) சாதித்தது. அரை நாள் அதை நம்பி என் நிரல் வரிகளைக் குடைந்துகொண்டிருந்தேன். நிரல் ஓடியது சர்வரில். ஜிடிபி திறந்து வைத்திருந்ததோ என் மடிக்கணினியின் லிப்சி, அதாவது சி மொழியின் அடிப்படை லைப்ரரி. இரண்டு கணினிகளின் செயலி வகையும் எக்ஸ்86-64. லிப்சி இருக்கும் பாதை எழுத்துக்கு எழுத்து ஒன்றே, பதிப்புதான் வேறு.

சர்வரில் ஜிடிபிக்காக ஓடும் துணை நிரலான ஜிடிபிசர்வர், என் நிரலின் நினைவகத்தைப் படித்துக் கொடுக்கும். எந்த லைப்ரரி எந்த முகவரியில் ஏற்றப்பட்டிருக்கிறது என்ற பட்டியலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஃபங்ஷன்களின் பெயர்களை, ஜிடிபி தான் திறக்கும் கோப்பிலிருந்து எடுக்கிறது. கோப்பு கிடைக்காவிட்டால் பேக்ட்ரேஸில் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும், குறை இருப்பது தெரிந்துவிடும். வேறு பதிப்பின் கோப்பு கிடைத்துவிட்டாலோ, அந்த முகவரியில் தற்செயலாக இருக்கும் இன்னொரு ஃபங்ஷனின் பெயரைக் கூசாமல் சொல்லும்.

இந்தக் குழியை வெட்டியவன் நானேதான். லைப்ரரிகளை எங்கிருந்து தேட வேண்டும் என்று ஜிடிபிக்குச் சொல்லும் அமைப்பு சிஸ்ரூட். 2015இல் வந்த ஜிடிபி 7.10 பதிப்பிலிருந்து அதன் இயல்பு மதிப்பு 'டார்கெட்:'. அதாவது, லைப்ரரிகளை மறுமுனையிலிருந்தே இழுத்துவரும். சரியான கோப்புதான் வரும், ஆனால் மெதுவாக வரும். மெதுவாக இருக்கிறதே, 'செட் சிஸ்ரூட்' பயன்படுத்துங்களேன் என்று ஜிடிபியே ஆலோசனையும் சொல்லும். அதைக் கேட்டு, என்னைப் போலவே பலரும் '/' என்று, அதாவது தங்கள் கணினியின் வேரையே, கொடுத்துவிடுகிறார்கள். வேகம் வந்துவிடுகிறது, உங்கள் சொந்தக் கணினியின் லைப்ரரிகளோடு. "தவறான லைப்ரரியா, பதிப்பு பொருந்தவில்லையா?" என்று ஓர் எச்சரிக்கை அன்று எனக்கும் வந்திருந்தது. ஐம்பது வரிகளுக்கு நடுவே, கேள்விக்குறியோடு தயங்கித் தயங்கிச் சொன்னால் யார் படிப்பார்கள்?

சரியான வழி, இலக்குக் கணினியின் (நிரல் ஓடும் கணினியின்) கோப்பு மரத்தை நகலெடுத்து, அதன் வேரை சிஸ்ரூட்டாகக் கொடுப்பது. வேரைத்தான் கொடுக்க வேண்டும்; உள்ளே இருக்கும் 'லிப்' கோப்புறையைக் கொடுத்தால் ஜிடிபி அதற்குள் இன்னொரு 'லிப்'பைத் தேடும். இணைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மெதுவான இழுவை ஒருமுறை நடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நகலெடுத்தவர்களையும் ஏமாற்றும் ஒன்று உண்டு: சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பின் பாதையைச் சுட்டும் இணைப்பு. நகலுக்குள் இருக்கும் இணைப்பு '/' என்று தொடங்கும் முழுப் பாதையைச் சுட்டினால், அது நகலின் வேரிலிருந்து அல்ல, உங்கள் கணினியின் வேரிலிருந்து போகும். சிஸ்ரூட் சரியாக இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, திறப்பது மட்டும் வேறு. 'ஃபைண்ட்' கட்டளைக்கு '-எல்நேம்' கொடுத்து இப்படிப்பட்டவற்றைப் பிடித்து, சார்புப் பாதைகளாக மாற்றுங்கள். இதற்கு நான் கொடுத்த விலை இன்னொரு அரை நாள்.

'சோலிப்-சர்ச்-பாத்' (லைப்ரரிகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: முழுப் பாதை தெரிந்த லைப்ரரிகளுக்கு அதன் முறை சிஸ்ரூட் தோற்ற பிறகே வரும். சிஸ்ரூட் தவறான கோப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அது 'வெற்றி'தான். அதைத் தடுக்க, இல்லாத ஒரு கோப்புறையை சிஸ்ரூட்டாகக் கொடுத்துவிடுவது ஜிடிபி கையேடே சொல்லும் உபாயம். 'சோலிப்-சர்ச்-பாத்' உட்கோப்புறைகளுக்குள் தானாக இறங்கித் தேடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இலக்கில் இருக்கும் லைப்ரரியிலிருந்து டீபக் தகவலை (பிழைதிருத்தத்துக்கான பெயர், வரி விவரங்களை) நீக்கியிருக்கலாம், தவறில்லை. உங்களிடம் உள்ள நீக்காத பிரதி, அதே பில்டிலிருந்து (அதே கம்பைல் ஓட்டத்திலிருந்து) வந்ததாக இருக்க வேண்டும். அதே மூலநிரலை நேற்று மீண்டும் கம்பைல் செய்தேன் என்பது கணக்கில் சேராது. லைப்ரரி பொருந்தாவிட்டால் த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளை) பிழைதிருத்துவதும் சில சமயம் நின்றுபோகும்.

சந்தேகம் வந்தால் முதலில் 'இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரி' போட்டு, கடைசி நெடுவரிசையில் வரும் பாதைகளைப் படியுங்கள். பிறகு 'ரீட்எல்ஃப் -என்' கொடுத்து, இரு பக்கத்துக் கோப்புகளின் பில்ட் ஐடியையும் (பில்டை அடையாளம் காட்டும் எண்ணையும்) ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 40 இலக்கங்கள் இருக்கும். என்னுடையவை இரண்டும் முதல் இலக்கத்திலேயே பிரிந்தன.