சின்சில்லா கூண்டுக்கு எந்தக் கூளம்? குமரி மாவட்டத்தில் புதிதாக வளர்ப்போருக்கு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில், குளிர்ந்து வறண்ட காற்றில் வாழும் கொறிவிலங்கு சின்சில்லா. அதன் ஒரே மயிர்க்காலிலிருந்து 50க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கின்றன. அந்த அடர்த்திக்குள் ஈரம் புகுந்தால் எளிதில் காயாது, பூஞ்சை பற்றிக்கொள்ளும். குமரி மாவட்டத்துக்கோ ஆண்டில் இரண்டு பருவமழை. ஆகவே கூண்டில் பரப்பும் கூளத்தை வாசனை பார்த்து வாங்காதீர்கள், உலர்வு பார்த்து வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. அறையின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே இந்த விலங்கு வெப்பத் தாக்குக்கு ஆளாகலாம். ஏசி அறை இல்லாத வீட்டில் சின்சில்லா வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

படி 1: நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அறியுங்கள்

சின்சில்லாவின் புழுக்கை உலர்ந்தது, ஏறக்குறைய மணமற்றது. நாற்றம் சிறுநீரால் வருவது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. ஈரமும் வெப்பமும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. நமக்கு மூக்கில் படும் முன்பே, தரையோடு மூக்கை வைத்துத் திரியும் விலங்கின் மூச்சுக்குழாயை அது எரிக்கத் தொடங்கிவிடும். எனவே சிறுநீரை உறிஞ்சும் பொருள்தான் தேவை. நறுமணம் சேர்த்த கூளம், கற்பூரம், பினாயில் எதுவும் கூண்டருகே வேண்டாம். அந்துருண்டையின் ஆவி நஞ்சு.

படி 2: அக்கம்பக்கத்தில் கிடைப்பதைச் சலித்துப் பாருங்கள்

நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரப்பர் மரத்தூள்தான். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் தடிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மரத்தை அறுத்த சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் தாக்கும் என்பதால், அதைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலால் பதப்படுத்துவார்கள். பதப்படுத்திய மரத்தின் சீவலில் மருந்து இருக்கும். பதப்படுத்தாததில் பூஞ்சை இருக்கலாம். கையில் கிடைப்பதை எல்லாம் கொறித்துப் பார்க்கும் விலங்குக்கு இரண்டுமே ஆகாது. தச்சுப் பட்டறைச் சீவலில் பிளைவுட்டின் பசை கலந்திருக்கும். பைன் மரப் பெட்டிகளை உடைத்துச் சீவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெட்டியில் ‘எம்.பி.’ (MB) என்ற முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவால் புகையூட்டப்பட்டது என்று அதற்குப் பொருள்.

தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். செடிக்கு அது நல்லது. கூண்டில் ஈரம் போகாது, காய்ந்தாலோ தூசி. தும்பு இழையை விழுங்கினால் குடல் அடைபடும். உமி உறிஞ்சாது, குத்தும். வைக்கோல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

படி 3: வாங்கத் தகுந்தவை

காகிதக் கூழில் செய்த, நிறமும் மணமும் சேர்க்காத கூளம்தான் என் முதல் தேர்வு. மென்மையானது, தூசி குறைவு, நன்றாக உறிஞ்சும். அடுத்து, சூளையில் உலர்த்திய ஆஸ்பென் (ஒரு மென்மரம்) அல்லது பைன் மரச் சீவல். உலர்த்தாத பைனிலும் எல்லா சீடர் (தேவதாரு) வகையிலும் உள்ள மண எண்ணெய்கள் நுரையீரலையும் ஈரலையும் பாதிக்கும். கூளத்துக்குப் பதிலாக ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைத் துணி விரிப்பவர்கள் அதற்கடியில் உறிஞ்சும் துணி ஒன்றையும் போட வேண்டும். ஐப்பசி மழையில் துவைத்தது காய இரண்டு நாள் ஆகும் என்பதால் மூன்று செட்டாவது வேண்டும். துணியை உங்கள் சின்சில்லா கடித்துத் தின்றால் அன்றே எடுத்துவிடுங்கள். கட்டியாகும் பூனை மணல் வயிற்றில் ஊதும், ஒருபோதும் வேண்டாம்.

படி 4: பரப்புமுன் சோதியுங்கள்

ஒரு பிடியை வெள்ளைத் துணியில் உதறுங்கள். மாவுபோலத் தூசி படிந்தால் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் கூளம் நிரப்பி, இரண்டு கரண்டி நீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் காகிதக் கைக்குட்டையால் மேலே அழுத்துங்கள். கைக்குட்டை நனையாவிட்டால் நல்ல கூளம்.

படி 5: உலர்வாகச் சேமியுங்கள்

மலிவாகக் கிடைத்தது என்று பெரிய மூட்டை ஒன்றை வாங்கி வராந்தாவில் வைத்தேன். ஜூன் மழை பிடித்த மூன்றாம் வாரம் அவிழ்த்தபோது புழுங்கல் வாடை, சீவலில் கரும்புள்ளிகள். முழு மூட்டையையும் தூக்கி எறிந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, இறுக மூடும் டிரம்மில், சின்சில்லாவின் ஏசி அறையிலேயே வைக்கிறேன்.

படி 6: பரப்புதலும் சுத்தமும்

இரண்டு அங்குல உயரம் போதும். பல சின்சில்லாக்கள் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அங்கே சிறிய எவர்சில்வர் தட்டு வைத்து, நனைந்ததைத் தினமும் அள்ளுங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். தட்டில் வெள்ளையாகப் படியும் சிறுநீர்க் கறைக்கு வினிகரும் நீரும் சம அளவு கலந்து ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, முற்றிலும் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள்.

புதுக் கூளத்துக்கு மாறும் முதல் வாரம் கூர்ந்து கவனியுங்கள். தும்மல், கண்ணில் நீர், புழுக்கை குறைதல் இவற்றில் எதைக் கண்டாலும் கூளத்தை எடுத்துவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது அந்தக் கூளத்தில் ஒரு பிடியையும் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். என்ன தின்றிருக்கும் என்று அவர் கேட்பார்.